மூன்றாவது பாட்டில்

நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கி, கடல் பக்கத்துக் காற்று கருவாட்டு வாடையையும் சுட்ட மணல் வாடையையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில், உள்ளறையின் கதவையும் இரண்டு சன்னல்களையும் சாத்தி, சன்னல்களுக்கு மேல் தடித்த போர்வையையும் மாட்டிவிட்டுப் படுத்திருந்த அமீர் நிஷா, ஓர் இழை வெளிச்சத்தைப் பார்த்தாள். நூல் பருமன்தான். பச்சை நிறம். எங்கோ இடுக்கில் வெயில் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வெயில் பச்சையாகவா ஒழுகும்? சுகமில்லாதவளுக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பு ஏது?

எண்பத்து மூன்றாம் வருஷம், மே மாதம். திருமலைராயன்பட்டினத்தில் காக்கைகூட ஓட்டுச் சாய்ப்பின் கீழ் ஒதுங்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கோடை. அந்த வெயில்தான் அமீர் நிஷாவுக்கு ஆகாது. முந்தின வருஷம் புருஷன் நூகு சவுதிக்குக் கப்பலேறின மறுமாதம், மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் தீய்ந்தாற்போலச் சிவந்தது. பிறகு விரல் மூட்டெல்லாம் வலி, தலை வாரினால் சீப்பு நிறைய முடி. அரைமணி நேரம் வெயிலில் நின்றால் இரண்டு நாள் காய்ச்சல். மாமியார் நல்லவள்தான், ஆனாலும் "உம்மா வீட்டுல இருந்து தேறிட்டு வாம்மா" என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அன்று முதல் இந்த இருட்டறை அவளுக்கு. மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, வற்றல் பிழிவது, கிணற்றடி வேலை என்று வெயிலில் செய்கிற அத்தனையும் தங்கை ஆஸியா பீவிக்கு.

ஆஸியாவுக்குப் பதினெட்டு வயது. வேலையை முடித்துவிட்டு மதியம் அக்காவுக்குத் துணையாக இந்த அறையில்தான் வந்து படுப்பாள். படுத்த நொடியில் தூங்குவாள். இப்போதும் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவள் மேலிருந்து வெயிலின் சூடு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அமீர் நிஷா எழுந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கதவின் அடியில் துணியை வைத்து அடைத்தாள். திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் அங்கேயே இருந்தது, பாயின் நடுவில், அவள் கையும் தங்கையின் கையும் உரசிக் கிடந்த இடத்தில். உள்ளங்கையால் பொத்தினாள். மறைந்தது. எடுத்தாள், தெரிந்தது. யாரோ ஒருவரின் தோலுக்குள்ளிருந்துதான் அது வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. தன் கைதான் என்று நினைத்தாள். நோயாளி அவள்தானே.

கதவைக் கொஞ்சம் திறந்து, வெளிச்சத்தில் கையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஐந்து நாளுக்கு முன்பு போட்ட தையல் மட்டும் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

அந்தத் தையலின் கதையைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் டாக்டர் சிதம்பரநாதன் என்று ஒரு தோல் வைத்தியர், சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். உம்மா மகள்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் அங்கே போயிருந்தாள். பொறுமையான மனிதர், எதையும் புரிகிற மாதிரி சொல்வார்.

"நோயை எதிர்க்குற சத்துன்னு ஒண்ணு நம்ம ரத்தத்துல இருக்கும்மா. உங்க நோயில அது ஆள் தெரியாம சொந்த உடம்பையே அடிக்குது. அடிச்ச மிச்சம் தோலுக்குள்ள வரிசையாப் படிஞ்சு கிடக்கும். துளி தோல் எடுத்து மெட்ராசுக்கு அனுப்புனா, சாயம் போட்டு இருட்டறையில வச்சுப் பார்ப்பாங்க. பச்சைக் கோடு மாதிரி ஒளிரும்."

"கோடு இருந்தா என்னங்க டாக்டர்?" என்றாள் உம்மா.

"செவந்த தோல்ல இருந்தா அதிசயமில்ல. வெயிலே படாத நல்ல தோல்லயும் இருந்தாத்தான் யோசிக்கணும். அதுலயும் ஒரு வகை மட்டும் படிஞ்சிருந்தா சமாளிச்சிடலாம். மூணு வகையும் சேர்ந்து கோடு கனமா இருந்தா, நோய் உள்ள கிட்னி வரைக்கும் இறங்கப் பார்க்குதுன்னு அர்த்தம்."

மூன்று துண்டு வேண்டும் என்றார். ஒன்று முன்கையில் சிவந்த இடத்தில். இரண்டாவது இடுப்பில், வெயில் படாத தோல். மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் தோல். ஆஸியா உடனே எழுந்து நின்றுவிட்டாள்.

"என்கிட்ட எடுங்க டாக்டர். எங்க லாத்தாவுக்கு இதுகூடத் தர மாட்டேனா?"

நர்ஸ் அல்லி அவளுக்கு மேற்கையின் உள்பக்கம், ரவிக்கைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து எடுத்தாள். எடுத்ததைப் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதப்போனபோதுதான் உம்மா அல்லியின் கையைப் பிடித்தாள்.

"அம்மாடி, சின்னவ பேரு வேணாம்மா. நோன்புப் பெருநாள் கழிச்சு அவளுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரங்க இந்தத் தெருவுலயே கடை வச்சிருக்காங்க. தோல் டாக்டர்கிட்ட பொண்ணு பேருல சீட்டு இருக்குன்னு ஒரு சொல்லு போனாப் போதும், எல்லாம் நின்னுடும். மூணுலயும் பெரியவ பேரையே போட்டுடு."

"டாக்டர் திட்டுவாருங்க" என்றாள் அல்லி. உம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மனம் இளகினாள். "சரி, மூணாவது பாட்டில் தங்கச்சியோடதுன்னு நானே அவருகிட்ட வாயால சொல்லிடறேன்."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உம்மா மூன்று பாட்டில் மூடிகளைக் கொண்டு மூடப் பார்த்தாள். பெண்ணைப் பெற்றவள் வேறென்ன செய்வாள் என்றுதான் அன்று அமீர் நிஷாவும் நினைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் அந்த இழை வந்தது. பாயில் இரண்டு பேரும் படுத்து, மூச்சு அடங்கி, கண் இருட்டுக்குப் பழகியதும் மெல்லத் தெரியும். முதலில் தையல் நீளம். அப்புறம் முழங்கை வரை. வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது, ஆனால் வெளிச்சத்தில் இருந்தால் வளரும் என்று பயந்தாள். இருட்டில் இருந்தாலோ கண்ணெதிரே தெரிந்துகொண்டே இருக்கும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒருநாள் உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். உம்மா இருட்டில் கொஞ்ச நேரம் துழாவிப் பார்த்தாள்.

"எங்கடி வெளிச்சம்? ஒடம்பு வெக்கையில கண்ணுல பூச்சி பறக்குது ஒனக்கு. மோர் குடிச்சிட்டுப் படு."

யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. தான் சாகப்போகிறோம் என்று அமீர் நிஷா முடிவே கட்டிவிட்டாள். சவுதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுத வராமல் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வந்தது. உம்மாவும் அவளும் மட்டும் போனார்கள். வெள்ளைத் துப்பட்டியால் தலையையும் முகத்தையும் இழுத்து மூடி, பஸ்ஸில் நிழல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, வழியெல்லாம் கலிமா சொல்லிக்கொண்டே போனாள்.

டாக்டர் காகிதத்தை விளக்கடியில் பிடித்துப் படித்தார். "ஒண்ணாவது பாட்டில், செவந்த தோல். மெல்லிசா ஒரு கோடு. எதிர்பார்த்ததுதான். ரெண்டாவது, இடுப்புத் தோல். ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு."

அமீர் நிஷாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துப்பட்டிக்குள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு எத்தனை நாள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஆனா இந்த மூணாவது..." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வகையும் படிஞ்சிருக்கு. இவ்வளவு கனமான கோடு நான் பார்த்ததே இல்ல. இது எந்த இடத்துத் தோல்? ஒப்பிட ஒருத்தர்கிட்ட எடுக்கச் சொன்னேனே, அது எடுத்தாங்களா இல்லையா?"

மின்விசிறி கடக் கடக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் வேறு ஒரு நர்ஸ் நின்றாள். அல்லி, சொல்வதாக இருந்ததைச் சொல்லாமலே, பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாளாம். துப்பட்டிக்கு அடியில் உம்மாவின் கை வந்து அமீர் நிஷாவின் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் தோலில் பதிகிற அளவுக்கு அழுத்தியது.

"எடுக்கலைங்க டாக்டர்" என்றாள் உம்மா. "கூட வந்த புள்ள பயந்துடுச்சு. மூணும் இவகிட்ட எடுத்ததுதான். அது கையிடுக்குல எடுத்தது."

ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வேளை தவறாதவள். கூசாமல் சொன்னாள். அமீர் நிஷா வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம்.  டாக்டர் அதற்குள் அவளுக்கு மாத்திரையை இரண்டு மடங்காக எழுதத் தொடங்கியிருந்தார்.

பஸ்ஸில் வைத்துக் கேட்டாள். "உம்மா, மூணாவது ஆஸியாவோடதுல்ல?"

"பாட்டிலை மாத்திப் போட்டிருப்பாங்க. மான் குட்டி மாதிரி ஓடித் திரியுற புள்ளைக்கு என்னடி நோய்?" உம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நிக்காஹ் முடியட்டும். பொறவு பாத்துக்கலாம்." குரல் உடைந்திருந்தது. உம்மாவுக்கும் தெரியும் என்பது அப்போது அமீர் நிஷாவுக்குப் புரிந்தது.

மறுநாள் மதியம் அவள் தனியாக அறையைச் சாத்திக்கொண்டாள். ஆஸியா மாடியில் இருந்தாள். வற்றல் தட்டை இழுக்கிற சத்தம் மேலே சரசரவென்று கேட்டது. அமீர் நிஷா இருட்டில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்தாள். மறுகையைப் பார்த்தாள். சேலையை விலக்கி இடுப்பைப் பார்த்தாள். இருட்டு. எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அந்த அறை இப்படி முழுதாக இருண்டு அவள் பார்த்ததே இல்லை.

மேலே சத்தம் நின்றது. படியில் காலடி. முற்றத்தைத் தாண்டி வந்தது. கதவு திறந்தது, கண் கூசியது, கதவு மூடியது.

வெயில் வாடை வந்தது.

அப்புறம் பச்சை. தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில். ஒரு கோடு இல்லை. மூன்று. ஒன்றையொட்டி ஒன்றாக, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. நடந்து வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

"லாத்தா," என்று கேட்டது, "டாக்டர் என்னதான் சொன்னாரு?"

அன்று மாலையே அமீர் நிஷா தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாட்டில், கோடு, கிட்னி, எதையும் விடவில்லை. ஆஸியா மருதாணி இலையைக் காம்பு ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே லாத்தா. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். இப்ப வெளியில தெரிஞ்சா வாப்பா தலை நிமிந்து பள்ளிவாசலுக்குப் போக முடியுமா? நிக்காஹ் முடியட்டும். நானே அவங்ககிட்டச் சொல்லி டாக்டர்கிட்டப் போறேன்."

"வெயில்ல மட்டும் போகாதடி. ஒன் காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

"கல்யாணப் பொண்ணு திடீர்னு வெளியில வரலேன்னா அதுக்கும் கேள்வி வரும்."

அமீர் நிஷா டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தபாலில் போட வாப்பா அல்லா பிச்சையிடம் கொடுத்தாள். தன் துணிக்கடை வாசலில் நின்று அதைப் பிரித்துப் படித்த வாப்பா, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நிக்காஹ் முடியட்டும்மா" என்றார். திட்டவில்லை, கோபிக்கவில்லை, தலையைத் தடவினார். அமீர் நிஷா தன் மாத்திரையில் பாதியைத் தங்கையின் தேயிலைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தாள். கசக்கிறது என்று ஆஸியா துப்பிவிட்டாள். இந்த வீட்டில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. எல்லாரும் ஆஸியாவின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்தப் பாசத்தை எங்கே போய் முட்டி உடைப்பது? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அமீர் நிஷா சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடந்தாள்.

பெருநாள் கழிந்து பத்தாம் நாள், காரைக்கால் சேக் பரீதுக்கும் ஆஸியா பீவிக்கும் நிக்காஹ் நடந்தது. முற்றத்தில் உச்சி வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நெய்ச்சோற்று வாசனை, அத்தர், பெண்களின் குலவை. மாத்திரையால் முகம் பூசணிக்காயாக ஊதிப்போன அமீர் நிஷா உள்ளறையை விட்டு வரவில்லை. மணப்பெண்ணை அக்காவிடம் சலாம் சொல்லக் கூட்டி வந்தார்கள். திரையைத் தூக்கி அவளை உள்ளே விட்டு, திரையை மறுபடி இறக்கினார்கள்.

அமீர் நிஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனாலும் பார்த்துவிட்டிருந்தாள். கழுத்து, தோள், முதுகு. பட்டுச் சேலைக்கு உள்ளிருந்து, நெய்த இழைகளின் இடுக்கு வழியாகப் பச்சை.

"துஆ செய் லாத்தா" என்று ஆஸியா அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கையின் உடம்பு கொதித்தது.

பிறகு நாட்கள் போயின. அமீர் நிஷாவுக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது. கன்னத்துச் சிவப்பு வடிந்தது, முடி முளைத்தது. புதுச்சேரிக்குக் கூட்டிப் போ என்று உம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டாள். அதுதான் தேறிட்டியே என்றாள் உம்மா. ஆஸியா உண்டாகியிருக்கிறாள் என்று காரைக்காலிலிருந்து சேதி வந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னாளா என்று கேட்டு அனுப்பினாள். சொல்லவில்லை. வாயும் வயிறுமாக இருக்கிறபோது எப்படிச் சொல்வது, புள்ள பொறக்கட்டும் என்று பதில் வந்தது.

ஏழாம் மாதம் ஆஸியாவை அழைத்து வந்தார்கள். காரை விட்டு அவள் இறங்கி முற்றத்து வெளிச்சத்தில் வந்து நின்றபோது அமீர் நிஷா தூணைப் பிடித்துக்கொண்டாள். தங்கையின் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்திருந்தது. கண்ணாடியில் ஒரு வருஷம் தான் பார்த்த அதே சிவப்பு. கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கியிருந்தது.

"பாத்தியாடி, புள்ளத்தாச்சி முகத்துல நூர், அல்லாவோட வெளிச்சம், இறங்கியிருக்கு" என்று உம்மா திருஷ்டி கழித்தாள்.

"உம்மா, கால் வீங்கியிருக்கு. முகத்தைப் பாருங்க உம்மா. இன்னிக்கே டாக்டர்கிட்டப் போவோம்."

"கால் வீங்காத புள்ளத்தாச்சி எங்கடி இருக்கா?" உம்மா மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "புள்ள பொறக்கட்டும்."

மதியம் ஆஸியா பழைய மாதிரி உள்ளறைக்கு வந்தாள். படுத்த நொடியில் தூங்கிவிட்டாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அமீர் நிஷா எழுந்து கதவைச் சாத்தினாள். ஒரு சன்னல். மறு சன்னல். போர்வை. கை வரவில்லை, ஆனாலும் மாட்டினாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இருட்டியது.

கோடுகள் என்று இப்போது தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடம்பு முழுக்கப் பச்சை. விரல் நுனிகள். இமைகள். உதடு. பாய்க் கோரைகூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அறையில் அமீர் நிஷாவின் நிழல் சுவரில் விழுந்தது.

வயிறு மட்டும் இருண்டிருந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்றாள். புள்ளைக்கு இல்லை. புள்ளைக்கு இல்லை. தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டாள். சேலையை மெல்ல விலக்கினாள். வயிற்றில் கை வைத்தாள். சூடு.

உள்ளே ஏதோ அசைந்தது.

இருட்டுக்குள், ஆழத்தில், நூல் பருமனில் ஒரு வளைவு. முதுகு. அப்புறம் ஒரு முட்டி. அப்புறம் கை. ஐந்து விரலும் பச்சையாக விரிந்து, அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே வந்து தொட்டு நின்றது.

அந்தச் சின்ன நெஞ்சில் ஒரு புள்ளி. அது மினுங்கியது. அணைந்தது.

மாடியில் உம்மா வற்றல் தட்டை வெயிலுக்கு இழுக்கிற சத்தம் கேட்டது.

மினுங்கியது. அணைந்தது.

அமீர் நிஷா எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மினுங்கியது. அணைந்தது. மறுபடி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

கூப்பிட்டாள். மேலே வற்றல் தட்டு மறுபடி இழுபட்டது.

ஆறு. ஏழு.

சின்னக் கை அப்படியே விரிந்திருந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.